லூப் நிபந்தனைக்குள் மதிப்பு வைப்பது: எடை மேடையில் ஓட்டிப் பார்த்த வழிகள்

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளை எடை போடும் மேடை ஒன்றுக்கான பைத்தான் நிரலைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். வேலை சின்னதுதான். எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டர் சீரியல் கேபிளில் அதை வரி வரியாக அனுப்பும். எண் ஆடாமல் நின்றதும் சீட்டு அச்சாக வேண்டும். ஒரு வரி படி, ஏதாவது வந்ததா பார், வந்தால் கணக்கில் எடு. இந்தச் சுற்றை, அதாவது லூப்பை, எப்படி எழுதுவது என்பதில்தான் தலைவலி.

சி தெரிந்தவர்கள் வைல் லூப்பின் அடைப்புக்குறிக்குள்ளேயே, ஒரு எழுத்தைப் படிக்கும் கெட்சார் தந்ததை மாறியில் போட்டு, அங்கேயே இஓஎஃப் (உள்ளீடு முடிந்ததன் அடையாளம்) வந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுவார்கள். பைத்தானில் நிபந்தனைக்குள் ஒற்றை = போட்டால் பிழை. == அடிக்கப் போய் ஒரு கோடு விட்டுப்போகிற தொல்லை இதனால் இல்லை, ஆனால் நமக்குச் சுற்றுவழி வேண்டும்.

லூப்புக்கு முன்னால் ஒருமுறை, உள்ளே கடைசியில் ஒருமுறை என்று படிப்பதையே இரண்டு இடத்தில் எழுதுவது ஒரு வழி. மீதியை விட்டுவிட்டு லூப்பின் தொடக்கத்துக்குத் தாவும் கன்டினியூவை நடுவில் யாராவது சேர்த்தால் போச்சு, அதே வரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தானாக நிற்காத வைல் ட்ரூ லூப் போட்டு உள்ளே படித்து, வேண்டாதபோது பிரேக் கொடுத்து வெளியேறுவது அழகில்லைதான். ஆனால் எங்கள் மேடையில் அதிக காலம் ஓடியது அதுதான். டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) வைத்த சீரியல் போர்ட்டில் ஒரு வரி படிக்கும் ரீட்லைன் காலி பைட்ஸ் தந்தால் இண்டிகேட்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை என்றுதான் அர்த்தம், வேலை முடிந்தது என்றல்ல. அந்த வித்தியாசத்தை இந்த அமைப்பில் தாராளமாக எழுதலாம்.

பைத்தான் 3.8 பதிப்பு 2019 அக்டோபரில் வந்தபோது, நிபந்தனைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பு வைக்கும் := குறி கிடைத்தது. இதற்கான முன்மொழிவு மீது நடந்த சண்டையில் அலுத்துப்போய்த்தான் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பை விட்டார். எங்கள் விண்டோஸ் 7 கணினியில் ஓடும் கடைசி பைத்தானும் அதே 3.8 என்பது நல்ல காலம்.

கூட வேலை செய்யும் தம்பி உடனே எல்லா லூப்பையும் :=-க்கு மாற்றினான். "அண்ணே, லாரி இறங்கினதும் ப்ரோக்ராம் நின்னுடுது" என்று வந்தான். நிற்காமல் என்ன செய்யும்? காலி மேடையின் எடை 0. பைத்தானுக்கு 0 என்றால் பொய். சரி என்று பின்னால் 'இஸ் நாட் நன்' (மதிப்பே இல்லை என்று இல்லாதவரை) சேர்த்தான், அடைப்புக்குறி போடாமல். ஒப்பீடு முதலில் நடந்து மாறிக்குள் ட்ரூ போய் உட்கார்ந்தது. எண்ணாக அச்சடித்தால் ட்ரூ என்பது 1. நாற்பது டன் ட்ரெய்லருக்கு 1 கிலோ என்று சீட்டு! டிரைவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பார். := இருக்கும் பகுதியை முழுசாக அடைப்புக்குறிக்குள் போட்டதும் சரியானது.

இப்போது := எங்களிடம் எழுத்துக் கோப்புகளை ரீட்லைனால் படிக்கும் இடத்தில் மட்டும். அங்கே காலி வரிகூட வரிமுறிவோடு வருவதால், வெற்றுச் சரம் என்றால் கோப்பு முடிந்தது என்று நம்பலாம். சும்மா வரி வரியாகப் படிக்க ஃபார் போதும், அதற்கு := தேவையே இல்லை.

வாசல் பக்கத்து விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் பைத்தான் 3.4-க்கு மேல் ஏறாது. அன்றைய சீட்டுக் கோப்பை 4096 பைட்டாக வெட்டி பாரிமுனை ஆபீசுக்கு அனுப்பும் வேலை அதற்கு. அங்கே இரண்டு உள்ளீடு வாங்கும் இட்டர்தான், அதாவது சொன்ன மதிப்பு வரும்வரை ஒரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் வசதி: ரீடை 4096 என்ற அளவோடு பார்ஷியலில் சுற்றிக் கொடுத்து, காலி பைட்ஸ் வந்தால் நிறுத்து என்றால் ஃபார் லூப் ஒரே வரியில் முடிகிறது. முதலாளி கணினியை மாற்றினாலும் அந்த வரியை நான் மாற்றப் போவதில்லை.