ஆறு வருஷமாக எங்கள் ஆபீஸ் சர்வர்: பாஸ்வேர்டு மேல் பழி போடுவதற்கு முன்னால்

"தம்பி, இசட் டிரைவ்ல செவப்பு கிராஸ் போட்டிருக்குப்பா." மாதம் 20-ம் தேதி காலையில் அக்காவின் இந்தக் குரல் கேட்டால் எனக்கு டீ உள்ளே இறங்காது. ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கு அன்றுதான் கடைசி நாள். சேலம் அழகாபுரத்தில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ் எங்களுடையது. செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கணக்கு, சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக் கணக்கு, ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைக் கணக்கு எல்லாம் அந்த ஒரு டிரைவுக்குள்தான், அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இசட் என்று தெரியும் சர்வர் ஃபோல்டருக்குள்தான் கிடக்கின்றன.

2019-ல் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு மாட்டி, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு, அதன் மேல் சம்பாவை ஓடவிட்டேன். "சம்பாவா? அரிசியா?" என்று அக்கா அப்போதே கேட்டார். லினக்ஸ் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டர்களை விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் திறக்க வழி செய்யும் மென்பொருள் அது; ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர் 1991 டிசம்பரில் எழுதத் தொடங்கியது. விண்டோஸ் ஃபோல்டர்களைப் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர்; அந்த எஸ், எம், பி எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடிப் பிடித்து வைத்த பெயர். நம் ஊர் அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இத்தனை வருஷத்தில் சம்பா தானாக நின்றுபோனதாக எனக்கு நினைவில்லை. வந்த தொல்லையெல்லாம் லாகின் தொல்லைதான்.

முதல் இரண்டு வருஷம் எது நடந்தாலும் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பதே என் வைத்தியம். சுத்த முட்டாள்தனம். "பாதை கிடைக்கவில்லை" என்றால் ஆள் இன்னும் வாசலுக்கே வரவில்லை. "பாஸ்வேர்டு தவறு" என்றால் வாசலில் தகராறு. "அனுமதி இல்லை" என்றால் உள்ளே வந்தாயிற்று, ஆனால் எந்தப் பெயரில் வந்தார் என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன்.

2021-ல் புதிதாகச் சேர்ந்த பையனின் விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் சர்வர் திறக்கிறது, பொது ஃபோல்டர் தெரிகிறது, ஆடிட் ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் அனுமதி இல்லை. ஃபோல்டர் பர்மிஷனை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு மதியம் போயிற்று. கடைசியில் சர்வரில், யார் எந்தப் பெயரில் உள்ளே இருக்கிறார் என்று காட்டும் எஸ்எம்பி ஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டினால், பையன் "நோபடி" என்ற விருந்தாளிப் பெயரில் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்! விண்டோஸ் யாரையும் கேட்காமல், கம்ப்யூட்டரில் லாகின் செய்திருக்கும் பெயரையே முதலில் சர்வருக்கு அனுப்பிப் பார்க்கும். அந்தப் பெயரில் சர்வரில் ஆள் இல்லை. உபுண்டுவில் சம்பாவோடு வரும் அமைப்புக் கோப்பில், தெரியாத பெயரில் வருபவரை விருந்தாளியாகச் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி இருக்கிறது. பெயர் சரியாக இருந்து பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் விரட்டும். பெயரே தப்பாக இருந்தால் வாங்க என்று திண்ணையில் உட்கார வைக்கும். விருந்தோம்பல்தான், ஆனால் இந்த இடத்தில் தேவையில்லாதது. அந்த வரியை அன்றே மாற்றிவிட்டேன்.

சரி, இப்போது சரியான பெயரில் நுழையலாம் என்றால் பிழை எண் 1219. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் விண்டோஸ் போகாது. கமாண்ட் பிராம்ட்டில் நெட் யூஸ் கட்டளையால் பழைய இணைப்புகளை அறுத்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்துக் கிடக்கும் பழைய பாஸ்வேர்டையும் நீக்கி, சைன் அவுட் செய்துவிட்டு வர வேண்டும். அப்புறம் சர்வர் பெயரை முன்னால் போட்டு, பின்சாய்வுக்கோடு இட்டு, பயனர் பெயரைத் தட்ட வேண்டும். அவசரத்துக்கு சர்வர் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்கு இருக்கும் எண்ணைக் கொடுத்தால் வேறு சர்வர் என்று நினைத்து விண்டோஸ் விட்டுவிடும்.

பின் நம்பர் கதை எல்லா ஆபீஸிலும் இருக்கும். கம்ப்யூட்டரைத் திறக்கும் நாலு இலக்க எண்ணையே சர்வர் பாஸ்வேர்டு பெட்டியிலும் அடிப்பார்கள். அந்த எண் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகும், சர்வருக்குத் தெரியாது. நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒருமுறை லினக்ஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, சம்பா ஏன் ஏற்கவில்லை என்று அரைநாள் முழித்தேன். சம்பாவுக்குத் தனிப் பாஸ்வேர்டுப் பட்டியல்; அதை எஸ்எம்பி பாஸ்வேர்டு கட்டளையால் தனியாக மாற்ற வேண்டும்.

கோடை மழைக்கு கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி கொடுத்துவிடும். ரவுட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைத்ததும் அது தீர்ந்தது. ஏற்காட்டில் இருந்து எஸ்டேட் கணக்கர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரும்போதும் இதே மாதிரிதான். அங்கே கையால் போட்ட ஐபி அப்படியே இருக்கும், இங்கே எதுவும் திறக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த மனிதரிடம் பாஸ்வேர்டு தப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், பாவம்.

விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு வந்தபின் விண்டோஸ் புரோ போட்ட கம்ப்யூட்டர்கள் விருந்தாளி நுழைவையே மறுக்கின்றன. பாஸ்வேர்டு இல்லாமல் பகிர்வு ஃபோல்டர் வைத்திருந்த பக்கத்து ஆபீஸ்காரர், விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் திருத்தித் தடையை எடுத்துவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளுக்கு ஒரு கணக்கு உண்டாக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இன்னும் தீராதது ஜெராக்ஸ் மெஷின்தான். ஸ்கேன் செய்தால் நேராக சர்வர் ஃபோல்டரில் விழும்படி வைத்திருந்தேன். உபுண்டு 20.04-க்கு மாறிய அன்று லாகின் தோல்வி என்று காட்டியது. மெஷினுக்குத் தெரிந்தது எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும், சம்பா 4.11 முதல் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய வழியில்தான். ஒரு வரி சேர்த்தால் திரும்ப ஓடும், எனக்கு மனசு வரவில்லை. இப்போது பென் டிரைவில் ஸ்கேன் எடுத்து சர்வரில் போடுகிறோம். மெஷினை மாற்றலாம் சார் என்று ஆடிட்டரிடம் வருஷாவருஷம் சொல்கிறேன். "பிரிண்ட் நல்லாத்தானப்பா வருது" என்கிறார்.