வேலை சுத்தம், சொன்ன நாள் பொய்

தேங்காய் ஏற்றும் என் பழைய டாடா 207 பிக்கப்பில் மஹிந்திரா டிஐ இன்ஜினைப் பொருத்த, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். "பத்து நாளில் கொடுத்துவிடுகிறேனுங்க" என்றார் மேஸ்திரி. 43 நாள் ஆனது.

இன்ஜினை இறக்கி வைப்பது பெரிய காரியமில்லை. பழைய கியர்பாக்ஸோடு சேர்ப்பதில்தான் சிக்கல். போல்ட் துளைகள் ஒன்றும் ஒத்துவரவில்லை. கோவையில் லேத்தில் இரும்புத் தகடு கடைந்து நடுவில் கொடுத்தார்கள். முதல் தகட்டில் மையம் இம்மியளவு விலகியிருந்தது. கிளச்சை மிதித்தால் நடுக்கம் முழங்கால் வரை ஏறியது. "ஓட ஓடச் சரியாகிவிடுமுங்க" என்றார். ஓட ஓட பேரிங்தான் போகும்! சண்டை போட்டபின் இரண்டாவது தகடு சரியாக அமைந்தது. அதற்கும் என்னிடமே பணம் வாங்கியது இன்னும் உறுத்துகிறது.

இன்ஜின் தாங்கிகளின் வெல்டிங் மட்டும் அருமை, தையல் போட்டதுபோல் வரிசையாக இருக்கிறது. முழுச் சுமையோடு ஏற்றத்தில் ஏறியும் ரேடியேட்டர் கொதிக்கவில்லை. வெப்பம் காட்டும் முள்தான் அசைய மறுக்கிறது; பழைய சென்சார் இந்த இன்ஜினுக்குப் பொருந்தாதாம்.

இன்ஜின் மாற்றத்துக்கான ஆர்.டி.ஓ. அனுமதி பற்றி மேஸ்திரி வாயே திறக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய 52ஆம் பிரிவை நானே தேடிப் படித்தேன். வண்டியை விடுமுன் அந்த அனுமதி பற்றி முதலில் கேளுங்கள். முன்பணமும் பாதிக்குமேல் கொடுக்காதீர்கள்.