விமான நிறுவனங்கள் இணைந்தால் மூப்பு யாருக்கு?

புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். ஏ320 போன்ற ஜெட் விமானம் பயணிகளை ஏற்றிக்கொண்டு வழக்கமாக வந்துபோக அது போதாது. ஏடிஆர் 72 போன்ற, விசிறி சுழலும் டர்போபிராப் விமானம்தான் இங்கே ஓட்டம். 2024-ல் பல மாதங்கள் ஊருக்குச் சேவையே இல்லாமல் கிடந்து, டிசம்பர் 20-ம் தேதி இண்டிகோவின் ஏடிஆர் வந்த பிறகுதான் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டும் வழி பிறந்தது. இங்கிருந்து விமானி உரிமம் எடுக்கும் பிள்ளைகளில் பலர் இத்தகைய சிறிய விமானங்களில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் அவர்களை முதலில் தொடுவது சம்பளம் அல்ல, மூப்புப் (சீனியாரிட்டி) பட்டியலில் உள்ள எண்.

மூப்பு முறை நடக்கும் நிறுவனத்தில் எந்த விமானம், கேப்டன் இருக்கையா துணை விமானி இருக்கையா, எந்த ஊர் பேஸ் (பணிக்குப் புறப்படும் தளம்), தீபாவளிக்கு விடுப்பு யாருக்கு, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்பதை எல்லாம் அந்த எண்ணே முடிவு செய்யும். சம்பளத்துக்கான பணி ஆண்டுகள் வேறு கணக்கு. "உங்கள் பணி ஆண்டுகள் அப்படியே தொடரும்" என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தால், பட்டியல் எண்ணும் காப்பாற்றப்பட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம். 'அ' பழைய நிறுவனம்: 120 விமானிகள், அதில் 60 கேப்டன்கள், ஏடிஆர் மட்டும். அவர்களில் முதல் 90 பேர் 2015-க்கு முன் சேர்ந்தவர்கள். 'ஆ' 2015-ல் தொடங்கி வேகமாக வளர்ந்தது: 60 விமானிகள், 30 கேப்டன்கள், ஏடிஆரோடு சில ஜெட்களும் உண்டு. இணைந்த பின் மொத்தம் 180 பேர், 90 கேப்டன் இருக்கைகள்.

சேர்ந்த தேதிப்படி அடுக்கினால் 'ஆ'வின் முதல் கேப்டனே 91-ம் எண்ணுக்குப் போகிறார். அவருக்கு மேலே இருக்கும் 90 பேரும் 'அ'காரர்கள், அவர்களில் 30 பேர் துணை விமானிகள். "இருக்கையில் இருப்பவரை எழுப்பக்கூடாது" என்ற விதி இருந்தால் அன்றைக்கே யாருக்கும் இருக்கை போகாது. ஆனால் அடுத்து காலியாகும் 30 கேப்டன் இடங்களையும் 'அ'காரர்கள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கேப்டன் இருக்கைகள் குறைக்கப்பட்டாலோ முதல் அடி 'ஆ' கேப்டன்களுக்கு. கேட்க நியாயமாக ஒலிக்கும் முறை இது. 20 வருடம் உழைத்தவருக்கு 5 வருடம் உழைத்தவர் மேலதிகாரியா என்ற கேள்வியில் உண்மையான வலி இருக்கிறது. ஆனால் தேக்கத்தில் கிடந்த நிறுவனத்தின் காத்திருப்பை, வளர்ந்த நிறுவனத்தின் இருக்கைகளைக் கொண்டு ஈடுகட்டுவதுதான் இதன் விளைவு.

விகித முறையில் இரண்டு 'அ', ஒரு 'ஆ' என்று கோத்து வருவார்கள். 'ஆ'வின் முதல் கேப்டன் 3-ம் எண், 30-வது கேப்டன் 90-ம் எண். 'அ'வின் மூத்த துணை விமானி 91. நேற்று கேப்டனாக இருந்தவர் இன்றும் கேப்டன் வரிசைக்குள் இருக்கிறார். இதன் ஓட்டை ஓய்வு வயதில் இருக்கிறது. 65 வயதை எட்டும் கேப்டன்கள் பெரும்பாலும் பழைய நிறுவனத்தில்தான் இருப்பார்கள். ஐந்து ஆண்டில் 'அ'வில் 20 பேர் ஓய்வு பெற்றால், இணைப்பு இல்லாதபோது அந்த 20 இடமும் 'அ'வின் துணை விமானிகளுக்கு. விகித வரிசையில் 14 தான் அவர்களுக்கு, 6 'ஆ'வுக்குப் போகிறது. அதனால் ஓய்வுக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 2:1-க்குச் சம்மதிக்கக்கூடாது.

வாங்கிய நிறுவனத்தின் பட்டியலுக்கு அடியில் மற்றவர்களை அப்படியே ஒட்டுவது மூன்றாவது வழி. இதில் ஒப்பிட எதுவும் இல்லை, அநியாயம். 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏ நிறுவனத்தை வாங்கியபோது டிடபிள்யூஏ விமானிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அடியில் ஒட்டப்பட்டார்கள். ஈடாகக் கிடைத்தது செயின்ட் லூயிஸ் பேஸைச் சுற்றிப் போட்ட ஒரு வேலி: அங்குள்ள கேப்டன் இடங்களில் அவர்களுக்குப் பாதுகாப்பு. 2003-ல் நிறுவனம் செயின்ட் லூயிஸ் சேவைகளையே பெருமளவு வெட்டியது. வேலி இருந்தது, உள்ளே நிலம் இல்லை. இந்த அநீதிதான் 2007-ல் மெக்காஸ்கில்–பாண்ட் சட்டத்துக்கு வழிவகுத்தது. அதன்படி அமெரிக்காவில் பட்டியல்களை நியாயமாக இணைக்க வேண்டும், பேச்சு முறிந்தால் நடுவரிடம் போக வேண்டும். இந்தியாவில் விமானிகளின் மூப்பு இணைப்புக்கென்றே அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியதுதான் துணை.

நடுவர் தீர்ப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. யுஎஸ் ஏர்வேஸ்–அமெரிக்கா வெஸ்ட் இணைப்பில் 2007-ல் நடுவர் நிக்கோலாவ், யுஎஸ் ஏர்வேஸின் 517 மூத்த விமானிகளை உச்சியில் வைத்தார். ஆட்குறைப்பில் தற்காலிகமாக வேலையிழந்திருந்த அந்த நிறுவன விமானிகளை அடியில் வைத்து, நடுவில் உள்ளவர்களைக் கோத்தார். சேர்ந்த தேதியையே கேட்ட யுஎஸ் ஏர்வேஸ் தரப்பு அதை ஏற்கவில்லை. 2008-ல் தொழிற்சங்கத்தையே மாற்றிவிட்டது. அடுத்த பல ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இரு தரப்பும் தனித்தனி ஒப்பந்தங்களில் பறந்தன.

விமான ஒதுக்கீட்டுச் சண்டை நம் நாட்டிலும் நடந்ததுதான். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல் இணைந்தன. புதிய போயிங் 787 பயிற்சியில் இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு விமானிகளுக்கும் இடம் கொடுத்ததை எதிர்த்து, 2012-ல் ஏர் இந்தியா தரப்பு விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இணைப்பு நடந்து ஐந்து வருடம் கழித்து! புதிதாக வரும் விமானம் யாருக்கு என்பதை இணையும் நாளிலேயே எழுதாமல் விட்டால் அது நீறு பூத்த நெருப்பு.

எங்கள் தேர்வு, இருக்கை அடிப்படையிலான விகிதமும் கெடு வைத்த வேலியும் சேர்ந்த நான்காவது வழி. வேலியின் வாசகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏடிஆர் 72 கேப்டன் இடங்கள்" என்று மட்டும் எழுதினால், அந்த விமானங்களைக் குத்தகைக்கு விட்டவரிடம் திருப்பியதும் வேலி காலி. "அல்லது அதற்கு மாற்றாக வரும் விமானம்" என்று சேர்க்க வேண்டும். ஊர்ப் பெயருக்குப் பதில் இருக்கைகளின் எண்ணிக்கை வேண்டும். எந்த நாளில் வேலி நீங்கும் என்பதும் வேண்டும். இல்லையென்றால் 'ஆ'வின் ஜெட் இடங்களைச் சுற்றிய வேலியால் 'அ'வின் இளையவர்கள் ஜெட் பக்கமே போக முடியாது.

நிர்வாகத்தின் கவலையும் பொய்யல்ல. ஏடிஆர் கேப்டன் ஒருவர் ஏ320-க்குப் போனால் அவருக்கு டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி) பயிற்சி, அவர் இடத்துக்கு ஒரு துணை விமானிக்குக் கேப்டன் பயிற்சி, அவருக்கும் கீழே புதியவர் ஒருவருக்கு ஏடிஆர் பயிற்சி. ஒரு காலியிடம், மூன்று பயிற்சி. வகுப்பு, சிமுலேட்டர், பயிற்றுநர் மேற்பார்வையில் பறத்தல் என மாதக்கணக்கில் ஆள் வரிசையில் இல்லாமல் போகிறார். அந்த நாட்களில் சேவை ரத்தாவது லாஸ்பேட்டை போன்ற சிறு நிலையங்களில்தான். ஆகவே புதிய விமானத்துக்கு மாறியவர் குறிப்பிட்ட காலம் அதிலேயே இருக்க வேண்டும் என்ற பூட்டை ஏற்கலாம், அது இரு தரப்புக்கும் ஒரே அளவில் இருந்தால்.

பட்டியல் எந்தத் தேதி நிலவரப்படி எடுக்கப்படுகிறது என்பதை இணைப்பு அறிவித்ததும் கேட்டு வாங்குங்கள். அந்த நாளில் உங்கள் சேர்ந்த தேதி பயிற்சி தொடங்கிய நாளா, முதல் பறப்பு நாளா என்று பாருங்கள். இரு நிறுவனங்களும் வெவ்வேறாக எண்ணியிருக்கக்கூடும், அதிலேயே சில மாதங்கள் நழுவும். சம்பளமில்லா விடுப்பு கழிக்கப்பட்டிருக்கிறதா, ஒரே நாளில் சேர்ந்தவர்களை வயதால் பிரித்தார்களா, பயிற்சி மதிப்பெண்ணால் பிரித்தார்களா என்பதையும் சரிபார்த்து, நியமனக் கடிதத்தின் நகலோடு ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். வரைவுப் பட்டியல் இறுதியான பிறகு ஒரு எண்ணை நகர்த்த, கீழே உள்ள அத்தனை பேரையும் நகர்த்த வேண்டியிருக்கும்.