உவர்மலை கணித வகுப்பு: சேரின் கோபத்துக்கு 4 நட்சத்திரம்

மகன் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எழுதப்போகிறான். திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கும் இந்தக் கணித வகுப்புக்கு 3 மாதமாகப் போகிறான். மாதம் 2,000 ரூபாய். பாடம் நன்றாகத்தான் போகிறது, அதை விடுங்கள். நான் எழுத வந்தது சேரின் முகத்தைப் பற்றி.

நானும் 19 வருடமாக ரீச்சர். எரிச்சலை மறைத்துச் சிரித்துச் சிரித்தே தாடை நோகிற நாட்கள் எனக்குத் தெரியும். வேலைக்காக இப்படி உணர்ச்சியை அடக்குவதையும் காட்டுவதையும் 'உணர்ச்சி உழைப்பு' என்று 1983இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்‌ஷில்ட். அவர் பார்த்தது விமானப் பணிப்பெண்களை. வகுப்பறைக்கும் அச்சொட்டாகப் பொருந்தும்.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே இருந்து பார்த்தேன். பின்வாங்கில் இரண்டு பேர் கெக்கலித்துக்கொண்டே இருந்தார்கள். சேர் வெண்கட்டியை வைத்துவிட்டு, "தம்பிமார், எனக்கு இப்ப கோபம் வருது. ஒரு நிமிஷம் தாங்க" என்றார். யன்னலடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து அதே இருபடிச் சமன்பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். அடியும் இல்லை, பொய்ச் சிரிப்பும் இல்லை. அந்த இரண்டு பேரும் கப்சிப்.

குறை என்றால், 40 பிள்ளைகளுக்கு ஒரே மின்விசிறி. அப்புறம், சரியாகச் செய்தாலும் வாய்விட்டுப் பாராட்டமாட்டார். ஒரு தலையாட்டலோடு சரி. மகன் அதற்கே பூரித்துப்போகிறான். பின்வரிசைக்கு அந்தத் தலையாட்டல் தெரியவே தெரியாது. முன்னுக்கு இடம் வேண்டுமென்றால் நாலரைக்கே போய்விடுங்கள்.