ரெண்டாம் பாகம், முதல் ஷோ, வேன் பேக்கேஜ்: கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்கள் கொஞ்சம் உஷாராக இருங்க

வாட்ஸ்அப் குழுக்களில் "பெங்களூர் முதல் காட்சி, வேன் வசதி, டிக்கெட் உறுதி" என்று ஒருவன் மறுபடியும் கிளம்பியிருக்கிறான். இந்த முறை அவன் அட்வான்ஸ் வாங்குவது கைதி 2 படத்துக்கு. வெளியீட்டுத் தேதியே வராத படம் அது. ஆளுக்கு 500 ரூபாய் போட்டுவிட்டால் சீட் பிளாக் ஆகிவிடுமாம். எந்தத் தியேட்டரில் பிளாக் ஆகும் என்று கேட்டால் கட்டைவிரல் எமோஜி மட்டும் வருகிறது. பெயரும் நம்பரும் புதுசு, ஆனால் விளம்பரப் படத்தில் இருக்கும் எழுத்துப்பிழை கூட மாறவில்லை என்பதால் ஆள் பழைய ஆள்தான் என்று உறுதியாகச் சொல்கிறேன். இந்தியன் 2 வந்தபோது எங்கள் ஆறாயிரம் ரூபாயை வாங்கியது இவன்தான்.

தமிழ்நாட்டில் தியேட்டர் இருக்கும்போது பெங்களூருக்கு ஏன் போகணும் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்பார்கள். 2023 ஜனவரியில் துணிவுக்கும் வாரிசுக்கும் இங்கே நடுராத்திரி, விடியற்காலை எல்லாம் ஷோ போட்டார்கள். சென்னையில் ஒரு ரசிகர் லாரி மேல் ஏறி ஆடி விழுந்து உயிர் போனது. அதற்கப்புறம் இங்கே எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் முதல் ஷோ காலை 9 மணிக்குத்தான். கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தான், அதனால் விடியறதுக்குள் அங்கே போய் படம் பார்த்துவிட்டு, இங்கே இருக்கிறவன் டிக்கெட் கிழிக்கும்போது "செகண்ட் ஹாஃப் லேக்" என்று ஸ்டேட்டஸ் போடுவது எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு ஒரு தனி கெத்து. டிக்கெட் விலையும் அங்கே மல்டிபிளெக்ஸ்காரர்கள் வைத்ததுதான். 2025 செப்டம்பரில் 200 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று கர்நாடக அரசு ஆணை போட்டது, உயர் நீதிமன்றம் அதை இடைக்காலமாக நிறுத்தி வைத்துவிட்டது. ஆக "அங்க டிக்கெட்டே எழுநூறு ப்ரோ" என்று எவன் சொன்னாலும் நம்புகிற மாதிரிதான் இருக்கும். இந்த இடைவெளியில்தான் இவன் பிழைப்பு நடக்கிறது.

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, இந்தியன் 2 வெளியான நாள். தம்பி, மாமா பையன், என் கூட வேலை செய்கிற இரண்டு பேர், நான். ஆளுக்கு 1,200, வேன், டிக்கெட், டீ எல்லாம் சேர்த்து. ஜிபேயில் அனுப்பியதும் டிக்கெட் ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஐந்து சீட், கியூஆர் கோடு, தியேட்டர் பெயர் எல்லாம் சரியாக இருந்தது, புக்கிங் நம்பரின் பாதி மீது மட்டும் ஒரு ஹார்ட்டின் ஒட்டியிருந்தான். ராத்திரி இரண்டரைக்கு ரவுண்டானா பக்கத்தில் வேன் நின்றது, உள்ளே ஏற்கெனவே தர்மபுரிப் பசங்க உட்கார்ந்திருந்தார்கள். இதுவரைக்கும் சொன்னபடி நடந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தியேட்டர் வாசலில் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணியதும் சிவப்பு. செக்யூரிட்டி, "ஆல்ரெடி ஸ்கேன் ஆகிதே" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எங்களுக்குப் பின்னால் நின்ற தர்மபுரிப் பசங்களுக்கும் அதேதான். அப்புறம் ஓசூரிலிருந்து பைக்கில் வந்த நாலைந்து பேர், அவர்களும் வெளியே. எல்லோரும் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே வரிசை, ஒரே சீட். அதை விடுங்க, ஸ்கிரீன்ஷாட்டின் மேல் மூலையில் இருந்த நேரம் 11:42, பேட்டரி 17 சதவீதம், எல்லா போனிலும் அதே 17. ஒரே ஒரு நிஜ டிக்கெட்டை எடுத்து, ஒரு ஸ்கிரீன்ஷாட்டை ஊருக்கெல்லாம் விற்றிருக்கிறான். கோடு ஒரு தடவைதான் வேலை செய்யும், முதலில் போய் நின்றவன் யோகக்காரன். அவனுக்கு மட்டும் படம்.

போன் பண்ணினால் ஸ்விட்ச் ஆஃப். வேன் டிரைவர் பாவம், அவரையும் ஏமாற்றியிருக்கிறான். "எனக்குப் போறதுக்கு மட்டும்தாண்ணா வாடகை குடுத்தான், திரும்பற வாடகைய உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னான்" என்றார். அதையும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம். சாயங்காலம் நம்ம கிருஷ்ணகிரியிலேயே சாதாரண விலைக்கு டிக்கெட் எடுத்து அதே படத்தைப் பார்த்தோம், பாதி சீட் காலி.

இனி படத்தைப் பற்றி. 1996இல் வந்த இந்தியனுக்கு 28 வருஷம் கழித்து இரண்டாம் பாகம் என்றால் எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்யும். மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு, கடைசியில் இந்தியன் 3 டிரெய்லரைப் போட்டு "இனிமேதான் கதை" என்கிற மாதிரி அனுப்பினார்கள். அந்த டிரெய்லரில் இருந்த உயிர் படத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். படம் வந்த சில நாளிலேயே 12 நிமிஷத்தை வெட்டிவிட்டதாக அறிவித்தார்கள். புஷ்பா 2 நேரெதிர், 2024 டிசம்பரில் வந்தது, ஓடித் தீர்த்தபின் ஜனவரியில் 20 நிமிஷம் சேர்த்து இன்னொரு தடவை விட்டார்கள். எங்கள் பக்கம் தெலுங்குக்காரர்கள் நிறைய, அதையும் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. கங்குவாவுக்கு சத்தம் தாங்கவில்லை என்று ஜனங்கள் கத்தியபிறகு தயாரிப்பாளரே தியேட்டர்களில் வால்யூமை இரண்டு பாயிண்ட் குறைக்கச் சொன்னார். கூட்டிக் கழித்துப் பார்த்தால், முதல் நாள் அதிகப் பணம் கொடுத்து அடித்துப் பிடித்துப் போகிறவனுக்குக் கிடைப்பது வேலை முடியாத படம். அவனைப் பார்க்க வைத்து, அவன் திட்டுவதைக் கேட்டுத்தான் மிச்ச வேலையைச் செய்கிறார்கள்.

எல்லா இரண்டாம் பாகமும் அப்படி என்று சொல்லமாட்டேன். பொன்னியின் செல்வன் ஐந்து பாக நாவல், இரண்டு படம் என்று முதலிலேயே சொல்லி, ஏழு மாதத்தில் மிச்சத்தையும் கொடுத்துவிட்டார்கள், பிடித்ததோ இல்லையோ வியாபாரம் நேர்மை. விடுதலை, ஜெயமோகனின் 'துணைவன்' என்ற ஒரு சிறுகதையிலிருந்து வந்தது, சிறுகதைக்கு எதற்கு இரண்டு படம் என்று முதலில் எனக்கும் தோன்றியது, முதல் பாகத்தில் சூரியைப் பார்த்தபிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். டிமான்டி காலனி 2க்கு ஒருத்தனும் வேன் விடவில்லை, அது பாட்டுக்கு வந்து ஓடியது. வீட்டில் அம்மா பார்க்கிற பாண்டியன் ஸ்டோர்ஸ் சீரியல் இரண்டாம் பாகத்தில் பழைய குடும்பமே கிடையாது, பெயரையும் ஸ்டாலின் மாதிரி ஒரு சில நடிகர்களையும் மட்டும் வைத்துக்கொண்டு புதுக் குடும்பம், ஆனால் அதற்கு யாரும் ஸ்கிரீன்ஷாட் விற்கவில்லையே, ரிமோட்டை அமுக்கினால் போச்சு.

இன்னொரு விஷயம், இது முக்கியம். 2025 மார்ச் 27 அன்று வீர தீர சூரன், அது முதல் பாகமே வராமல் பாகம் 2 என்று வந்த கூத்து தனி, டெல்லி உயர் நீதிமன்றத் தடையால் காலைக் காட்சிகள் ரத்தாகி சாயங்காலம்தான் வெளியானது. செயலியில் தன் கணக்கில் எடுத்தவர்கள் பணம் கேட்க ஒரு இடம் இருந்தது. இந்த மாதிரி ஆளிடம் வாங்கியவன் யாரிடம் போய்க் கேட்பான்? நிஜ டிக்கெட்டாகவே இருந்தாலும் ரீஃபண்ட் டிக்கெட் எடுத்தவன் கணக்குக்குத்தான் போகும்.

அதனால் டிக்கெட் உங்கள் சொந்தக் கணக்கில், உங்கள் நம்பருக்கு வந்தால் மட்டும் பணம் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் இல்லை. புக்கிங் நம்பரை மறைத்து அனுப்பினால் "பாதுகாப்புக்காக" என்று காரணம் சொல்வான், அங்கேயே விட்டுவிடுங்கள். வேன் மட்டும் வேண்டுமென்றால் டிரைவரிடமே நேராகப் பேசி, போக வர இரண்டுக்கும் சேர்த்து அவர் கையில் கொடுங்கள். ஏற்கெனவே பணம் போட்டுவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930க்கு அடியுங்கள், சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணம் அவன் கணக்கிலிருந்து நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு அதிகம். ஜிபேயில் இருக்கும் யுடிஆர் நம்பரை, அதாவது பணப் பரிமாற்ற எண்ணைக் கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் பசங்களும் நாங்களும் சேர்ந்து கொடுத்த புகாருக்கு எண் இருக்கிறது, அவன் பழைய நம்பர்கள் இரண்டும் அதில் இருக்கின்றன. கைதி 2க்கு 500 கொடுத்தவர்கள் பணம் போன தேதியையும் யுடிஆரையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். புது நம்பரையும் அதோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறோம்.