அரிசி ஆலைக்கு எந்த ஸ்விட்ச்? சாதா, ஸ்மார்ட், மேனேஜ்டு

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து நவீன அரிசி ஆலைகளில் அலுவலகக் கம்ப்யூட்டர், எடை மேடை, கேமரா, கலர் சார்ட்டர், டிரையர் பேனலில் இருந்து இயந்திரத்தை இயக்கும் சின்ன கம்ப்யூட்டரான பிஎல்சி எல்லாம் இன்று ஒரே நெட்வொர்க்கில் வந்து சேர்கின்றன. இவற்றை இணைக்கும் பெட்டிதான் ஸ்விட்ச். செருகியதும் ஓடுவது சாதா, பிரௌசரில் நுழைந்து சில அமைப்புகளை மாற்ற முடிவது ஸ்மார்ட், இன்னும் விரிவான அமைப்புகள் உள்ளது மேனேஜ்டு. அதை வாங்கும்போது மட்டும் "எத்தனை போர்ட், என்ன விலை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் முதலில் பார்ப்பது வேறு மூன்று விஷயங்களை. ஃபைபர், அதாவது ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிள், செருக இடம் உண்டா? கேபிள் சுற்றி வந்து அதே நெட்வொர்க்கில் சேர்ந்து லூப் ஆனால் தானே அடைத்துக்கொள்ளுமா? வீட்டிலிருந்தபடி ஒரு போர்ட்டை மட்டும் அணைத்துப் போட முடியுமா?

ஃபைபர் விஷயத்தில்தான் இங்கே அதிகப் பணம் வீணாகிறது. செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். கேட் ஓரம் எடை மேடை, நடுவில் நெல் களம், அதைத் தாண்டி அலுவலகம் என்று இருக்கும் ஆலையில் தூரம் அதை எளிதில் கடந்துவிடும். நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்கு மின்சாரமும் கொடுக்கும் சில சாதா பிஓஇ ஸ்விட்ச்களில் 'எக்ஸ்டெண்ட்' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். 250 மீட்டர் வரை போகும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். போகும்தான், ஆனால் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸாக இறங்கிவிடும். ஒற்றைக் கேமராவுக்கு அது போதும். எடை மேடைக் கம்ப்யூட்டரும் கேமராக்களும் அதே கேபிளில் வந்தால் திணறும். கேபிளும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ரகமாக இருந்துவிட்டால், இரவில் கேமராவின் இன்ஃப்ரா ரெட் விளக்கு எரிந்ததும் வோல்டேஜ் பற்றாமல் படம் போய்ப் போய் வரும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். களத்துக்கு மேலே தொங்கும் செம்புக் கேபிள், மின்னல் அதிர்ச்சியை இரு முனையிலும் உள்ள சாதனங்களுக்குக் கொண்டுபோய்விடும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. கேபிளோடு தாங்குகம்பி வந்தால் அதை மட்டும் பெட்டிக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். ஃபைபர் மாட்யூல் செருகும் எஸ்எஃப்பி துளை சாதா ஸ்விட்ச்களில் அபூர்வம். ஸ்மார்ட் ரகத்தில் ஒன்றிரண்டு உள்ள மாடல்கள் கிடைக்கின்றன. மேனேஜ்டு ரகத்தில் பெரும்பாலும் இருக்கும். ஒற்றை இழையில் ஓடும் மாட்யூல் வாங்கினால் ஜோடி பார்த்து வாங்குங்கள். ஒரு முனையில் 1310 நானோமீட்டர் ஒளியை அனுப்பி 1550-ஐ வாங்கும் ரகம், மறு முனையில் அதற்கு நேர்மாறானது. இரண்டும் ஒரே ரகமாக வந்துவிட்டால் லிங்க் விளக்கே எரியாது. இழை ஒட்டுவதற்கு வெளியூர் ஆள் தேட வேண்டியதில்லை, நம்மூர் கேபிள் டிவிக்காரர்களிடமே ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கிறது.

அடுத்தது லூப். மேசையைத் துடைக்கும்போது தொங்கிக் கிடக்கும் பேட்ச் கார்டின் மறுமுனையை யாராவது அதே ஸ்விட்ச்சில் செருகிவிட்டால், சாதா ஸ்விட்ச்சில் எல்லா போர்ட் விளக்குகளும் ஒரே சீராகப் படபடவென்று அடிக்கும். பில் நிற்கும், கேமராப் படம் உறையும். ஸ்மார்ட் ரகத்தில் லூப் தடுப்பை ஆன் செய்திருந்தால் அந்த போர்ட்டை மட்டும் அடைத்துவிடும். மேனேஜ்டு இன்னும் ஒரு படி மேல்: லூப்பைத் தடுத்து, வழி அறுந்தால் மாற்று வழியைத் திறக்கும் ஆர்எஸ்டிபி முறை இருப்பதால் வேண்டுமென்றே வளையமாகக் கேபிள் இழுக்கலாம், ஒரு பக்கம் லாரி அறுத்துவிட்டாலும் சில நொடிகளில் மறு பக்கம் வழியாக ஓடும். அதன் பழைய வடிவமான எஸ்டிபி என்றால் அதற்கு 30 முதல் 50 நொடி ஆகும்.

ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலான் பிரிப்பை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பிஎல்சிகளோடு பேசும் மோட்பஸ் டிசிபி முறையில் பாஸ்வேர்ட் என்ற ஏற்பாடே கிடையாது. நெல் ஏற்றி வந்த டிரைவருக்கு அதே நெட்வொர்க்கில் வைஃபை கொடுத்தால், அந்த போனிலிருந்து டிரையரின் வெப்ப அளவை மாற்றவும் வழி திறந்துவிடுகிறது. ஸ்மார்ட், மேனேஜ்டு இரண்டிலும் விலானுக்கான 802.1க்யூ தரம் உண்டு. பேனல் ஒரு விலான், கேமரா ஒன்று, அலுவலகம் ஒன்று என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

பிஓஇ விஷயத்தில் 802.3ஏஎஃப் தரத்தில் போர்ட்டுக்கு 15.4 வாட், ஏடி தரத்தில் 30 வாட். ஆனால் மொத்த பட்ஜெட்டைப் பாருங்கள்: எட்டு போர்ட்டுக்கும் சேர்த்து 60 வாட்தான் என்றால் சுழலும் கேமரா இரண்டைப் போட்டாலே தீர்ந்துவிடும். கேமரா உறைந்தால் பிரௌசரில் நுழைந்து அந்த போர்ட்டின் மின்சாரத்தை மட்டும் நிறுத்திப் போடும் வசதி பல ஸ்மார்ட் பிஓஇ மாடல்களில் வந்துவிட்டது. மழை இரவில் ஏணி வைத்துக் கம்பத்தில் ஏறும் ஆளின் உயிருக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

தூரத்திலிருந்து கண்காணிக்கும் எஸ்என்எம்பி, கட்டளை தட்டி இயக்கும் கமாண்ட் லைன், யார் என்று சரிபார்த்த பிறகே சாதனத்தை இணைக்கவிடும் 802.1எக்ஸ் எல்லாம் ஒற்றை ஆலைக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: பல ஸ்விட்ச்களில் செய்த மாற்றத்தைத் தனியாக 'சேவ்' கொடுக்காவிட்டால், கரண்ட் போய் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

ஆகவே அலுவலகத்துக்கும் எடை மேடைக்கும் எஸ்எஃப்பி உள்ள ஸ்மார்ட் பிஓஇ ஸ்விட்ச். டிரையர், பாய்லர் பேனலுக்குள் மட்டும் கூடுதல் காசு கொடுத்து பேனலுக்குள் இருக்கும் டின் ரெயில் பட்டையில் மாட்டும் இண்டஸ்ட்ரியல் மேனேஜ்டு ஸ்விட்ச். மேசை ரகங்கள் பலவற்றுக்கு 40 டிகிரிதான் எல்லை, தகரக் கூரைக்குக் கீழே சித்திரையில் பேனல் அதைத் தாண்டும். இண்டஸ்ட்ரியல் ரகங்களில் 75 டிகிரி வரை தாங்குபவை உண்டு. மின்விசிறி இல்லாமலே ஓடும், பேனலில் உள்ள 24 வோல்ட்டிலேயே இயங்கும், பல மாடல்களில் இரண்டு பவர் இன்புட் இருக்கும். சாதா ஸ்விட்ச்சை பில் மேசையில் பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் வையுங்கள், அங்கே அது தாராளமாகப் போதும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பழைய 24 போர்ட் ரேக் ஸ்விட்ச் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வசதிகளில் அது இந்த மூன்றையும் மிஞ்சும், விலையும் ஆசை காட்டும். தஞ்சாவூரில் ஏசி போட்ட கல்லூரி லேப் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆலைக்கு வேண்டாம், அதன் மின்விசிறி உமித்தூசியை உள்ளே இழுத்து நிரப்பிக்கொள்ளும்.