திரும்பத் திரும்ப வந்த சி.டிஃப், கடைசியா எஃப்.எம்.டி: எங்கம்மாவுக்குப் பண்ண அனுபவம்

சி.டிஃப்ங்கறது குடல்ல வளந்து வயித்துப்போக்கு குடுக்குற ஒரு கிருமி, எஃப்.எம்.டிங்கறது ஆரோக்கியமானவங்க மலத்துல இருக்க நல்ல கிருமிங்கள நோயாளி குடலுக்குள்ள விடுற சிகிச்சை. மொதல்லயே சொல்லிடுறேன், சிகிச்சைக்கு 5க்கு 5. டாக்டருக்கும் தாதிகளுக்கும் 5க்கு 5. கவுன்ட்டருக்கும் பில்லிங்குக்கும் 2தான் குடுப்பேன். குறையும் சேத்து எழுதப்போறதால ஆஸ்பத்திரி பேரு போடல, யாரும் கோவிச்சுக்காதீங்க.

அம்மாவுக்கு 71 வயசு, சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல எங்ககூடத்தான் இருக்காங்க. யூரின் இன்ஃபெக்‌ஷன்னு ஆஸ்பத்திரில அஞ்சு நாள் ஊசி ஆன்டிபயாட்டிக் போட்டாங்க, அது நல்லாயிடுச்சு, ஆனா வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துல வயித்தால போக ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரி சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சோம், ஓமத்தண்ணி, மோர், மாதுளம்பழத் தோல் கஷாயம் எல்லாம் பாத்தாச்சு, புளோக் கீழ இருக்க ஒரு கிளினிக்ல காட்டினா அவரு வயித்த நிறுத்துற மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. இதுல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல. வயசானவங்க, ஆன்டிபயாட்டிக் முடிச்சு ஒரு வாரம்தான் ஆகுதுன்னு நானே சொன்னேன், அதக் கேட்டதும் சி.டிஃப் டெஸ்ட் எழுதியிருக்கணும், இந்தக் கிருமி உள்ள இருக்கும்போது நிறுத்துற மாத்திரைய அப்படி சும்மா குடுக்கக் கூடாது. நாலு நாள் கழிச்சு காய்ச்சலோட எமர்ஜென்சிக்கு ஓடினோம், அங்கதான் கண்டுபிடிச்சாங்க.

க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசீல், எல்லாரும் சுருக்கமா சி.டிஃப்னு சொல்ற கிருமி. ஆன்டிபயாட்டிக் கெட்ட கிருமியோட சேத்து குடல்ல இருக்க நல்ல கிருமியையும் அழிச்சிடுது, அந்தக் காலி இடத்துல இது வளந்து விஷத்தக் கக்குது. இதக் கொல்ல வான்கோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக் 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நாலு வேள, பத்து நாள். நல்லா கேட்டது. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வந்துச்சு. அடுத்து அதே மருந்த ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு குடுத்தாங்க, அந்த ஆறு வாரமும் நல்லா இருந்தாங்க, நிறுத்தி பத்தாவது நாள் மறுபடியும்.

சமையக்கட்டுல மாட்டியிருக்க கோயில் காலண்டர்ல, ஒவ்வொரு தடவ பாத்ரூம் போய்ட்டு வந்ததும் அம்மா பென்சில்ல ஒரு கோடு போடுவாங்க, நாலு கோடு போட்டு அஞ்சாவதக் குறுக்க. தாதி எண்ணிக்கை எழுதி வைக்கச் சொன்னாங்கன்னு ஆரம்பிச்சது. மோசமான நாள்ல பதினாலு கோடு, பிரதோஷம் ஏகாதசின்னு அச்சடிச்சிருக்க எழுத்தே தெரியாது. கையில இருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறுச்சு. தேக்காவுக்குப் போறது நின்னுச்சு, வெள்ளிக்கிழம கோயில் நின்னுச்சு, எம்ஆர்டி ரயில்ல பாதி வழில அவசரம் வந்துட்டா என்ன பண்றதுன்னு வீட்ட விட்டு எறங்கவே இல்ல. எங்க ஃபிளாட்ல ரெண்டு டாய்லெட் இருந்ததால ஒண்ண அம்மாவுக்கு மட்டும்னு ஒதுக்கி, தெனம் பிளீச் ஊத்திக் கழுவுவேன். கைக்கு சானிடைசர் போட்டா இந்தக் கிருமிக்கு ஒண்ணும் ஆகாது, அதோட ஸ்போர் (வெத மாதிரி தூங்கிக் கிடக்குற ரூபம்) ஆல்கஹாலுக்கு சாகாது, சோப்பு போட்டு ஓடுற தண்ணில தேச்சுக் கழுவணும். வீட்ல வாசலுக்கு வாசல் சானிடைசர் வெச்சுட்டு பத்திரமா இருக்கோம்னு நெனச்சிட்டிருந்தோம், ஐசொலேஷன் ரூம் வாசல்ல இருந்த தாதி சொல்லித்தான் தெரியும்.

திரும்பத் திரும்ப வர்றதுக்குக் காரணமும் அந்த ஸ்போர்தான். மருந்து கிருமியக் கொல்லுது, ஸ்போர் வெத மாதிரி கெட்டித் தோலோட உள்ளயே கிடக்குது, மருந்து நின்னதும் முளைக்குது. அது முளைக்காம வளராம பாத்துக்க வேண்டியது குடல்ல இருக்க நல்ல கிருமிங்கதான், பித்தநீர வேற ரூபத்துக்கு மாத்தி சி.டிஃப் வளர முடியாம பண்றது அதுங்க வேல, ஆனா அதுங்களத்தான் வான்கோமைசின் மறுபடி மறுபடி அழிச்சிட்டே இருக்கே. மருந்து சாப்பிட சாப்பிட நெலம் இன்னும் தரிசாகுது. ஒரு தடவ திரும்பி வந்தவங்களுக்கு அடுத்த தடவ வர வாய்ப்பு கூடிட்டே போகுதுன்னு டாக்டர் சொன்னது இதனாலதான்.

அப்பதான் குடல் டாக்டர் எஃப்.எம்.டின்னு சொன்னாரு. ஆரோக்கியமான இன்னொருத்தரோட மலத்த சுத்தம் பண்ணி, வடிகட்டி, அதுல இருக்க கிருமிங்கள அம்மா குடலுக்குள்ள விடுறது. நான் இங்கிலீஷ்ல கேட்டு தமிழ்ல அம்மாகிட்ட சொல்லணும், பாதில நாக்கு ஒட்டிக்கிச்சு. அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் கேட்டாங்க, "குடுக்குறவங்க மாடு சாப்பிடுறவங்களா இருந்தா என்னடி பண்றது?" அம்மா பொறந்ததுலேர்ந்து சைவம். எனக்கு அது சின்ன கேள்வியாத் தெரியல. உடம்புல எது உள்ள போகணும் போகக்கூடாதுன்னு 71 வருஷம் பாத்துப் பாத்து வாழ்ந்தவங்க, அவங்க கேக்காம யாரு கேப்பா.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல இதையே கேட்டேன். டாக்டர் சீனர், சிரிக்கவே இல்ல, நாற்காலிய அம்மா பக்கம் இழுத்துப் போட்டு உக்காந்தாரு. டோனர் யாருன்னு நமக்கு சொல்ல மாட்டாங்க, சைவமா பாத்து எடுக்கவும் முடியாது, ஆனா உள்ள போறது சாப்பாடு இல்ல, உயிரோட இருக்க கிருமிங்க, உங்களுக்கு விருப்பமில்லன்னா வேற மருந்தப் பத்திப் பேசலாம், நாங்க கட்டாயப்படுத்த மாட்டோம்னாரு. ஃபிடாக்ஸோமைசின்னு ஒரு மருந்தும் இருக்கு, திரும்பி வர்றது அதுல கொஞ்சம் கம்மின்னு அதையும் மறைக்காம சொன்னாரு. அப்புறம் பக்கத்துல நின்ன தமிழ் தாதி கேட்டாங்க, "ஆன்ட்டி, வீட்ல தயிர் கெட்டுப்போய் உறைமோர் இல்லன்னா என்ன செய்வீங்க?" அம்மா உடனே "பக்கத்து வீட்ல ஒரு கரண்டி வாங்குவேன்"னாங்க. "அவங்க என்ன சமைக்கிறாங்கன்னு பாத்தா வாங்குவீங்க? உறையுமான்னுதானே பாப்பீங்க. இதுவும் உறைதான் ஆன்ட்டி." அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "சரி மிஸ்ஸி"ன்னாங்க. ஆறு பக்கம் இங்கிலீஷ் ஃபார்ம் வெச்சு நான் மூணு நாள் போராடுனத அந்தப் பொண்ணு ஒரு கரண்டி மோர்ல முடிச்சிட்டா. ராத்திரி சித்தி ஃபோன் பண்ணி "கோயில்ல பஞ்சகவ்யம் வாங்கிக் குடிக்கலையா நாம, மருந்துன்னு வந்தா தீட்டு கிடையாதுக்கா"ன்னு அவங்க பங்குக்கு சொன்னாங்க.

எனக்கு வேற பயம், இதுல வேற நோய் ஒட்டிக்கிட்டா? இதுக்கு டாக்டர் சுத்தி வளைக்காம பதில் சொன்னாரு. 2019ல அமெரிக்காவுல எதிர்ப்புசக்தி கம்மியா இருந்த ரெண்டு நோயாளிங்களுக்கு, டோனர் மலத்துல இருந்த, பல ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஈ.கோலை கிருமி போயி ஒருத்தர் இறந்துட்டாரு, அந்த ஊரு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ எச்சரிக்கை விட்டுச்சு, அதுக்கப்புறம் சோதனை இன்னும் கடுமையாச்சு. எச்ஐவி, மஞ்சக்காமாலை வகைங்க, சிஃபிலிஸ், புழு பூச்சி, சால்மொனெல்லா, மருந்துக்கு அடங்காத கிருமிங்க எல்லாம் பாக்குறாங்க. அமெரிக்காவுல ஓப்பன்பயோம்னு 2012ல ஆரம்பிச்ச மலவங்கில டோனரா வர்றேன்னு வந்தவங்கள்ல 100க்கு 3 பேர்தான் தேறுனாங்களாம். சிங்கப்பூர்லயும் 2019ல ஆரம்பிச்ச அமிலின்னு ஒரு கம்பெனி டோனர் தேடி, சோதிச்சு, தயார் பண்ற வேலையச் செய்றாங்க, அதனால நம்ம ஊர்ல கேக்காத விஷயம் இல்ல. யூடியூப் பாத்துட்டு வீட்லயே தம்பி மலத்த எடுத்து எனிமா குடுக்குறேன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு தடுங்க. தம்பி நல்லா இருக்கான்னா அவன் குடல்ல என்ன ஒளிஞ்சிருக்குன்னு அவனுக்கே தெரியாது.

பலன் இருக்குமான்னு கேட்டதுக்கு 2013ல வந்த நெதர்லாந்து ஆராய்ச்சியக் காட்டுனாரு. எஃப்.எம்.டி பண்ண 16 பேர்ல 13 பேருக்கு ஒரே தடவையில நின்னுச்சு, மீதி மூணு பேருக்கு இன்னொரு டோனர்கிட்ட எடுத்துத் திரும்பப் பண்ணி அதுல ரெண்டு பேருக்கு நின்னுச்சு. வெறும் வான்கோமைசின் சாப்பிட்ட 13 பேர்ல நின்னது 4 பேருக்குத்தான். வித்தியாசம் அவ்வளவு பெருசா இருந்ததால ஆராய்ச்சிய பாதிலயே நிறுத்திட்டாங்களாம். புது ஐடியாவும் இல்ல, 1958லயே டென்வர்ல ஐஸ்மன்னு ஒரு சர்ஜன் நாலு பேருக்கு எனிமாவா குடுத்து எழுதி வெச்சிருக்காரு, சீனாவுல நாலாம் நூற்றாண்டுலயே கே ஹாங்னு ஒரு வைத்தியர் வயித்துப்போக்குக்கு இந்த மாதிரி மருந்து குடுத்திருக்காருன்னு டாக்டர் சொல்லும்போது அவரு மொகத்துல ஒரு பெரும வந்துச்சு பாருங்க. அமெரிக்காவுல இப்ப மருந்தாவே அனுமதி குடுத்துட்டாங்க, 2022 நவம்பர்ல ரீபயோட்டா, அது பின்வழியா விடுறது, 2023 ஏப்ரல்ல வவுஸ்ட், அது கேப்ஸ்யூல், தெனம் நாலு வீதம் மூணு நாள். அம்மாவுக்குப் பண்ணது கொலனோஸ்கோபி வழியா, அதாவது பின்வழியா கேமரா குழாய பெருங்குடலுக்குள்ள விட்டு.

பண்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வான்கோமைசின நிறுத்தச் சொல்லிட்டாங்க, புதுசா போற கிருமிங்கள அதுவே கொன்னுடக் கூடாதுன்னு. முந்துன நாள் ராத்திரி பேதி மருந்து. ஏற்கனவே ஓஞ்சு போன உடம்புக்கு இது ரொம்பக் கஷ்டம், இந்தச் சிகிச்சையில நெஜமாவே கஷ்டமான பகுதி இது ஒண்ணுதான். அம்மா ஒவ்வொரு டம்ளரையும் மூக்கப் பிடிச்சிட்டு குடிச்சாங்க, விடியக்கால மூணு மணிக்கு பாத்ரூம் வாசல்லயே ஸ்டூல் போட்டு நான் உக்காந்திருந்தேன்.

காலைல எண்டோஸ்கோபி ரூம் வாசல்ல நிக்கிறப்ப தெர்மோகோல் பெட்டி ஒண்ணு உள்ள போச்சு. மைனஸ் 80 டிகிரில வெச்சிருந்தத எளக்கி எடுத்து வர்றாங்களாம். தாதிகிட்ட கேட்டு ஒரு நிமிஷம் பாத்தேன், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சுங்க வரிசையா, உள்ள கோப்பி கலர்ல தண்ணியா, சக்க இல்லாம, ஒவ்வொண்ணுலயும் தேதியும் நம்பரும் ஒட்டி. நாத்தம் எதுவும் வரல. இதுக்காகவா ரெண்டு மாசம் யோசிச்சோம்னு அங்க நின்னப்ப கண்ணு கலங்கிடுச்சு. உள்ள அம்மாவுக்கு மயக்கம், ஒண்ணும் தெரியல. வெளிய வந்ததும் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, முடிஞ்ச வரைக்கும் அடக்கிக்கச் சொன்னாங்க. சாயங்காலமே வீடு.

மொத நாள் வயிறு உப்புசம், லேசா வலி. ரெண்டாம் நாள் காலண்டர்ல நாலு கோடு. அஞ்சாம் நாள் ஒரே கோடு. பருப்பு ரசமும் சோறும் கொழைய பெசஞ்சு குடுத்தேன், தட்ட வழிச்சு சாப்பிட்டுட்டு ஊறுகா இல்லையான்னு கேட்டாங்க. எட்டு வாரம் கவனிக்கணும், திரும்புறதுன்னா பெரும்பாலும் அதுக்குள்ள திரும்பும்னாங்க, அந்த எட்டு வாரமும் தாதி அவங்களே ஃபோன் பண்ணிக் கேட்டாங்க. வயிறு நல்லா இருக்கும்போது திரும்ப மலம் டெஸ்ட் எடுக்க வேண்டாம்னும் சொன்னாங்க, கிருமி கொஞ்சம் உள்ள இருந்தா டெஸ்ட்ல காட்டும், தொந்தரவு இல்லன்னா அதுக்கு மருந்து தேவையில்ல. பதினோரு மாசம் ஆகுது, வரல.

இப்ப குறை. பில்லிங் கவுன்ட்டர்ல மெடிசேவ்ல (மருத்துவச் செலவுக்குன்னு அரசாங்கம் சேத்து வைக்கச் சொல்ற கணக்கு) எவ்வளவு எடுக்கலாம்னு கேட்டா மூணு பேரு மூணு விதமா சொன்னாங்க, எழுத்துல எஸ்டிமேட் வாங்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. வெள்ளி (டாலர்) கணக்கு வார்டு, மானியம் பொறுத்து மாறும்ங்கறதால எங்க பில்ல இங்க போடல, ஆனா நீங்க நாள் குறிக்கிறதுக்கு முன்னாடியே எஸ்டிமேட்ட எழுத்துல கேளுங்க. அதவிட மனசு வலிச்சது, பதிவு கவுன்ட்டர்ல ஒருத்தங்க கூட்டத்துக்கு நடுவுல என்ன சிகிச்சைன்னு சத்தமா இங்கிலீஷ்ல சொல்லிக் கூப்பிட்டாங்க, அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்த நல்லாவே புரியும், சேல தலைப்ப எடுத்து வாய மூடிக்கிட்டாங்க. கடிதம் எழுதினேன், மன்னிப்பு கேட்டு பதில் வந்துச்சு, இப்ப நம்பர் மட்டும்தான் கூப்பிடுறாங்க. கன்சென்ட் ஃபார்ம் தமிழ்ல இல்ல. நாலு மொழி ஊருல வயசானவங்க கையெழுத்துப் போடுற தாள் அவங்க மொழில இருக்கணும், இதையும் எழுதியிருக்கேன், பதில் இன்னும் வரல.

ரெண்டு தடவ சி.டிஃப் திரும்பி வந்தாச்சுன்னா எஃப்.எம்.டி பத்தி டாக்டர்கிட்ட நீங்களே வாயத் திறந்து கேளுங்க, கூச்சப்பட்டு நாங்க தள்ளிப்போட்ட அந்த ரெண்டு மாசத்துல அம்மா ஆறு கிலோ கொறஞ்சாங்க. ஆட்டிசம், உடம்பு இளைக்க, முடி வளரன்னு இத விக்கிறவங்க பக்கம் போயிடாதீங்க, நல்லா நிரூபணம் ஆனது இந்த சி.டிஃப்புக்குத்தான்.

போகும்போது சாரோங் ஒண்ணு, மாத்து உடுப்பு ரெண்டு செட், வீட்டு டவல் எடுத்துட்டுப் போங்க. அப்புறம், இனிமே எந்தக் கிளினிக் போனாலும் ஆன்டிபயாட்டிக் எழுதுறதுக்கு முன்னாடி இதக் காட்டுங்கன்னு சொல்லி, சி.டிஃப் வந்தவங்கன்னு ஒரு சின்ன அட்டையில தாதி எழுதிக் குடுத்தாங்க. போன மாசம் பல் டாக்டர்கிட்ட நான் பார்க்கிங் தேடிட்டு உள்ள போறதுக்குள்ள, அம்மா சுருக்குப் பையிலேர்ந்து அந்த அட்டைய எடுத்து மேசை மேல வெச்சிட்டு உக்காந்திருந்தாங்க.